பதிப்பாளர்களே, கணக்கைக் காட்டுங்கள்

அன்புள்ள பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். நாவலாசிரியர்களுக்காகவோ கவிஞர்களுக்காகவோ இதை எழுதவில்லை, அவர்களுடைய குறைகளை அவர்களே என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொள்வார்கள். நான் அபுனைவு எழுதுகிறவன். வரலாறு, அறிவியல், சட்டம், பொருளாதாரம் என்று ஏதோ ஒன்றைத் தோண்டித் துருவி, சரிபார்த்து, மனிதர்கள் படிக்கிற மாதிரி எழுதி, அதை விற்றுப் பிழைக்கப் பார்க்கிற கூட்டத்தில் ஒருவன். முன்பணத்தைக் கூட்டுங்கள், ராயல்டியை உயர்த்துங்கள் என்று கேட்பதற்கு நிறைய இருக்கிறது. அதையெல்லாம் இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு ஒன்றை மட்டும் கேட்கிறேன். கணக்கு. எத்தனை பிரதி அச்சடித்தீர்கள், எத்தனை விற்றது, என்ன கழிவில் விற்றது, எத்தனை திரும்பி வந்தது, கிடங்கில் மிச்சம் எவ்வளவு. தன் புத்தகம் எவ்வளவு விற்றது என்றே தெரியாத ஆள் எதை வைத்துப் பேரம் பேசுவது?

எழுதுகிற எல்லாருக்கும் கணக்கு வேண்டும்தான், ஆனால் எங்களுக்கு ஏன் இது உயிர்ப் பிரச்சினை என்றால், எங்கள் செலவு முழுக்க முன்னாலேயே முடிந்துவிடுகிறது. ஆவணக் காப்பகத்துக்குப் போய் உட்கார வேண்டும், நேர்காணலுக்கு அலைய வேண்டும், பழைய இதழ்களை நகலெடுக்க வேண்டும், தெரியாத மொழியில் ஆவணம் இருந்தால் மொழிபெயர்க்க ஆள் பிடிக்க வேண்டும். எழுதி முடித்த பிறகும் விடாது, படங்களுக்கு அனுமதிக் கட்டணம், வரைபடம் போடுகிறவருக்குக் கூலி, கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவு. இவற்றில் படத்துக்கான அனுமதியையும் சொல்லடைவையும் பல ஒப்பந்தங்கள் எழுத்தாளர் தலையிலேயே கட்டுகின்றன, நீங்களே செய்து தந்தாலும் ராயல்டியில் கழித்துக்கொள்கிறீர்கள். முன்பணமோ கையெழுத்திடும்போது ஒரு பங்கு, கைப்பிரதி கொடுத்தால் ஒரு பங்கு, புத்தகம் வந்தால் ஒரு பங்கு என்று துண்டு துண்டாக வரும். அதாவது, முன்பணம் என்று ஒன்று கொடுக்கிற பதிப்பகமாக இருந்தால். அடுத்த புத்தகத்தில் எவ்வளவு காலத்தையும் காசையும் போடலாம் என்று நான் முடிவு செய்ய வேண்டுமானால் போன புத்தகம் என்ன ஆனது என்று தெரிந்தாக வேண்டும், அது தெரியாமல் இறங்குவது தொழில் இல்லை, சூதாட்டம்.

சரி, சதவீதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கணக்கு இல்லாத சதவீதம் எவ்வளவு பெரிய ஏமாற்று என்று சொல்ல வேண்டும். ஆங்கிலப் பதிப்புலகில் கெட்டி அட்டைப் புத்தகத்துக்கு நெடுநாளாக இருக்கிற வழக்கம் முதல் 5,000 பிரதிக்கு அட்டை விலையில் 10 சதவீதம், அடுத்த 5,000-க்குப் பன்னிரண்டரை, அதற்குமேல் 15. மெல்லிய அட்டைக்கு ஏழரை. மின்னூல் என்றால் நிகர வருமானத்தில் 25. இந்த 'நிகர' என்கிற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது, நிகரம் என்றால் கடைக்கான கழிவு போக உங்கள் கைக்கு வருவது. அட்டை விலை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள், கடைக்கு ஐம்பது சதவீதக் கழிவில் கொடுக்கிறீர்கள். ராயல்டி 10 சதவீதம் அட்டை விலையில் என்றால் எனக்குப் பத்து வரும், நிகரத்தில் என்றால் ஐந்து. இரண்டு ஒப்பந்தத்திலும் 10 சதவீதம் என்றுதான் எழுதியிருக்கும்! போதாக்குறைக்கு, கழிவு ஒரு அளவைத் தாண்டிவிட்டால் அட்டை விலைக் கணக்கு தானாகவே நிகரக் கணக்காக மாறும் என்று ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் ஒரு பிரிவு வேறு இருக்கும். எந்தப் பிரதி எந்தக் கழிவில் போனது என்பது உங்கள் கணினியில் இருக்கிறது, எனக்கு வருகிற தாளில் இல்லை.

எனக்கு ஒரு பதிப்பகத்திலிருந்து வந்த கணக்கில் மொத்தமே ஒரு வரி. புத்தகத்தின் பெயர், பக்கத்தில் ஒரு தொகை. விளக்கம் கேட்டு எழுதினேன், "வழக்கமாக எல்லாருக்கும் இப்படித்தான் அனுப்புகிறோம்" என்று பதில் வந்தது. எல்லாருக்கும் இப்படித்தான் என்பதுதானே புகாரே.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. காகிதம், அச்சு, கிடங்கு வாடகை எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் முதல் போடுகிறீர்கள், கடைக்காரர் கடனுக்கு எடுத்துக்கொண்டு விற்காததைத் திருப்பி அனுப்புகிறார். அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடைகளுக்குத் தெம்பு கொடுக்க இந்தத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பரவியது, மந்தம் போய்விட்டது, ஏற்பாடு போகவில்லை. அதனால் திரும்பி வரக்கூடிய பிரதிகளுக்கு என்று ராயல்டியில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கிறீர்கள், அதையும் நான் தப்பு சொல்லமாட்டேன். எவ்வளவு நிறுத்தினீர்கள், எதுவரை நிறுத்துவீர்கள், அதில் உண்மையில் எவ்வளவு திரும்பி வந்தது என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கணக்கு தெரிந்திருந்தால் ஒப்பந்தம் எப்படி மாறும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி யுலிசிஸ் கிராண்ட் பணத்தையெல்லாம் இழந்து, தொண்டைப் புற்றுநோயோடு தன் நினைவுக்குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பத்திரிகை நிறுவனம் வழக்கமான 10 சதவீதம் பேசியிருந்தது. எழுத்தாளர் மார்க் ட்வைன் குறுக்கே புகுந்து, தன்னுடைய பதிப்பகம் நிகர லாபத்தில் 70 சதவீதம் தரும் என்றார். கடைகளை நம்பாமல், வீடு வீடாகப் போய் முன்கூட்டியே ஆர்டர் பிடிக்கிற முகவர்களை இறக்கினார்கள். எத்தனை ஆர்டர் விழுந்திருக்கிறது என்று புத்தகம் வெளிவரும் முன்பே ட்வைனுக்குத் தெரிந்திருந்தது, சாகக் கிடந்த கிராண்டிடமும் சொன்னார். கிராண்ட் 1885 ஜூலையில் இறந்தார், புத்தகம் அந்த ஆண்டு டிசம்பரில் வந்தது, 1886-ல் அவர் மனைவிக்குப் போன முதல் காசோலை 2,00,000 டாலர். ட்வைனின் அந்தப் பதிப்பகம் 1894-ல் திவாலானது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பதிப்புத் தொழில் எவ்வளவு வழுக்கலானது என்று நான் மறைப்பதாக நீங்கள் நினைக்கக்கூடாது.

நாங்கள் எவ்வளவு சம்பாதிக்கிறோம் என்பது ரகசியமில்லை. பிரிட்டனில் எழுத்தாளர்களின் உரிமத்தொகையை வசூலித்துத் தரும் சங்கத்துக்காக 2022-ல் வெளியான ஆய்வில், எழுத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு அதிலிருந்து கிடைத்த இடைநிலை ஆண்டு வருமானம், அதாவது பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் இருக்கிற அளவு, 7,000 பவுண்டு. 2006-ல் அது 12,330 பவுண்டாக இருந்தது. ஆகவே எங்களில் பெரும்பாலோர் புத்தகத்தை மட்டும் நம்பி வாழ்வதில்லை, உரை, பயிற்சி வகுப்பு, பத்திரிகைத் தொடர், ஆலோசனை என்று புத்தகத்தைச் சுற்றி இருப்பவற்றில்தான் அடுப்பு எரிகிறது. அதனால்தான் இன்னொரு பிரிவு எங்களை வெகுவாக உறுத்துகிறது. உரை முடிந்த கையோடு பத்துப் பேர் புத்தகம் கேட்பார்கள், அதற்காக நான் கழிவு விலையில் உங்களிடமே பிரதி வாங்குகிறேன். அப்படி வாங்கும் பிரதிக்கு ராயல்டி கிடையாது என்கின்றன சில ஒப்பந்தங்கள், அதை விற்கவே கூடாது என்கின்றன வேறு சில. விளம்பரத்துக்கு என்னையே நம்பியிருக்கிறீர்கள், அப்புறம் நான் விற்றால் மட்டும் அது விற்பனை இல்லையா?

சொந்தமாக வெளியிட்டுக்கொள்ளேன் என்று நீங்கள் சொல்லலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். 2007-ல் தொடங்கிய அமேசானின் கிண்டில் வெளியீட்டுத் தளம் 2010-லிருந்து, விலையை 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் நடுவில் வைத்தால் 70 சதவீதம் தருகிறது, இல்லையென்றால் 35. அங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கொக்கி இருக்கிறது, 70 சதவீதக் கணக்கில் கோப்பின் அளவைப் பொறுத்து அனுப்புகைக் கட்டணத்தைக் கழிப்பார்கள், படமும் வரைபடமும் நிறைந்த அபுனைவு நூலுக்கு அது நன்றாகவே கடிக்கும். நல்ல எடிட்டரை அந்தத் தளம் தராது, தகவலைச் சரிபார்க்காது, கடை அடுக்குக்கும் கொண்டுபோகாது. உங்கள் வேலையின் அருமை அங்கே போனவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். இருந்தும் போகிறார்கள், காரணங்களில் ஒன்று என் சண்டையோடு நேராகச் சம்பந்தப்பட்டது. உள்ளே நுழைந்தால் நேற்று எத்தனை விற்றது என்று தெரிகிறது.

நூலகங்கள்கூட எண்ணுகின்றன. இரவல் கொடுக்கப்படும் புத்தகத்துக்கு எழுத்தாளருக்குப் பணம் என்கிற ஏற்பாட்டை டென்மார்க் 1946-லேயே தொடங்கியது, பிரிட்டன் 1979-ல் சட்டமாக்கியது, அங்கே ஒருவருக்கு ஆண்டு உச்சவரம்பு 6,600 பவுண்டு. ஒருவர் கடனுக்கு வாங்கிப் படித்ததையே அரசாங்கம் எண்ணிச் சொல்கிறது, காசு கொடுத்து வாங்கியதை உங்களால் எண்ணிச் சொல்ல முடியாதா?

சட்டமும் எங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு பதிப்புரிமை உத்தரவு, படைப்பை எப்படியெல்லாம் பயன்படுத்தினார்கள், என்ன வருமானம் வந்தது, படைப்பாளிக்கு என்ன சேர வேண்டும் என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் ராயல்டி எவ்வளவு என்று குறிப்பிட வேண்டும் என்கிறது, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான் என்றும் சொல்கிறது. (முன்னது 19-வது விதி, பின்னது 19-வது பிரிவு. தற்செயல்தான், ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.)

காலம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும் என்பது பழைய ஒப்பந்தங்களின் வழக்கமான பிரிவு. கிடங்கில் பிரதி தீர்ந்தது, மறுபதிப்பு போடவில்லை, சரி, உரிமை என் கைக்கு. இப்போது யாராவது கேட்டால் ஒரே ஒரு பிரதியை அச்சிட்டுக் கொடுக்கிற வசதி வந்துவிட்டது, மின்னூலோ ஒருநாளும் தீராது. ஆகப் புத்தகம் சாவதே இல்லை, ஆண்டுக்கு மூன்று பிரதி விற்றுக்கொண்டு உங்கள் பட்டியலில் கிடக்கும். நாவலுக்கு இது பரவாயில்லாமல் இருக்கலாம். அபுனைவுக்கு இது கொலை, ஏனென்றால் புது ஆவணம் கிடைக்கும், சட்டம் மாறும், பழைய புள்ளிவிவரம் பொய்யாகும், நான் திருத்தி எழுதத் தயாராக இருப்பேன், திருத்திய பதிப்பில் முதல் போட உங்களுக்கு மனம் இருக்காது, வேறிடத்தில் போட எனக்கு உரிமை இருக்காது. அடுத்தடுத்து இரண்டு கணக்குக் காலங்களில் விற்பனை இவ்வளவுக்குக் கீழே போனால் உரிமை திரும்பும் என்று ஒரு எண்ணை எழுதினால் முடிந்தது. அந்த எண் ஒப்பந்தத்தில் இருந்தும் கணக்கு வராவிட்டால் என்ன பயன் என்று மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன், வேறு வழியில்லை.

இதை இப்போதே எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024 நவம்பரில் ஹார்ப்பர்காலின்ஸ் என்கிற பெரிய ஆங்கிலப் பதிப்பகம் தன் பழைய அபுனைவு நூல்களை ஒரு செயற்கை நுண்ணறிவு நிறுவனத்துக்குப் பயிற்சிக்காகக் கொடுக்க எழுத்தாளர்களிடம் சம்மதம் கேட்டது. மூன்று ஆண்டு உரிமத்துக்கு எழுத்தாளருக்கு ஒரு நூலுக்கு 2,500 டாலர் என்று சொன்னது, விரும்பாதவர்கள் மறுக்கலாம். தொகை குறைவு என்று பலர் கோபப்பட்டார்கள், எனக்கும் குறைவாகத்தான் படுகிறது, ஆனால் கேட்டார்கள், எண்ணைச் சொன்னார்கள். தேடி வந்தது அபுனைவைத்தான் என்பதையும் கவனியுங்கள். நாளைக்கு இப்படி ஒரு கடிதம் உங்கள் மேசைக்கு வந்தால், எங்களிடம் கேட்காமல் கையெழுத்திடமாட்டோம், வருகிற பணத்தை எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு என்று தனி வரியாகக் காட்டுவோம் என்று இப்போதே எழுதித் தருவீர்களா? பதிலை அடுத்த ஒப்பந்த வரைவிலேயே அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் இருக்கும் ஓர் எழுத்தாளன்