பத்து நாள் கூலிக்கு உதவுங்கள்: முகாம் குடிநோயாளிகளின் சிகிச்சைக்கு நன்கொடை வேண்டுகோள்

மதுரை மக்களுக்கு வணக்கம்.

ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி இலங்கைத் தமிழர் முகாம்களை நீங்கள் அறிவீர்கள். 1983 கலவரத்துக்குப் பிறகும் 1990-இல் மீண்டும் போர் மூண்டபோதும் படகேறி வந்த குடும்பங்கள் இவை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் வீடுகளுக்கு பெயிண்ட் அடிக்க வருகிறவர்களில் பலர் அந்த முகாம்களில் இருந்து வருகிறவர்கள்தான்.

அவர்களில் சிலருக்குக் காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது. பிரஷ் பிடிக்க வேண்டுமானால் முதலில் ஒரு கட்டிங் போட்டாக வேண்டும். பிறகு சாரத்தில் ஏறுகிறார்கள். "அவர் குடிச்சுப்போட்டு வந்தா பிள்ளையள் பக்கத்து வீட்டில போய்ப் படுக்குங்கள்" என்றார் ஒரு தாய். இளைஞர்களிடம் கஞ்சாவும் வலி மாத்திரையும் பரவுவது இன்னொரு கவலை.

குடிப்பழக்கம் ஒரு நோய், அதற்கு மருந்து உண்டு. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. அப்படியிருந்தும் ஏன் போகவில்லை? சேர்ந்தால் ஒரு வாரம், பத்து நாள் தங்க வேண்டும். அத்தனை நாளும் கூலி இல்லை. கூட இருக்கும் மனைவிக்கும் கூலி இல்லை. அரசு தரும் மாத உதவித்தொகை, குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், அடுப்பெரியப் போதாது. அதிகாரிகள் வந்து ஆட்களைக் கணக்கெடுக்கும் செக்கிங் நாளில் முகாமில் இல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் வேறு.

அதனால் பலர் வீட்டிலேயே நிறுத்தப் பார்க்கிறார்கள். கோயிலில் கயிறு கட்டுகிறார்கள், மாலை போடுகிறார்கள். அந்த வைராக்கியத்தை மதிக்கிறோம். ஆனால் பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியலாம். உயிரே போகலாம். டாக்டர் மேற்பார்வையில் நடுக்கத்துக்கு மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். குடியை நிறுத்தும் மருந்தை அவருக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுக்கும் வழியை நாங்கள் அடியோடு எதிர்க்கிறோம். மருந்து கொடுத்தது தெரியாமல் அவர் மது குடித்துவிட்டால் ஆபத்து.

உங்கள் பணம் மூன்று செலவுக்குப் போகும்: சிகிச்சை நாட்களில் வீட்டுக்கு அரிசியும் மளிகையும், துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, வீடு திரும்பிய பின் மாதாமாதம் டாக்டரைப் பார்க்க பஸ் செலவு. கடைசிச் செலவை யாரும் சின்னதாக நினைக்க வேண்டாம். மறுபடி குடியில் விழுவது அந்த மாதங்களில்தான். விழுந்தவரையும் திரும்பச் சேர்ப்போம். யார் கையிலும் ரொக்கம் கொடுப்பதில்லை. செக்கிங் நாளுக்கான கடிதம், அனுமதி எல்லாம் எங்கள் குழுவே பார்த்துக்கொள்ளும்.

கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் உறவுகள் மன்னிக்க வேண்டும். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன்படி எங்களுக்குப் பதிவு இல்லாததால் உங்கள் பணத்தை வாங்க முடியாது. மதுரையில் உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் எங்களுக்காகப் பேசுங்கள்.

உள்ளூர்க்காரர்கள் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அரிசி மூட்டையாகத் தந்தாலும் சரி. வரவு செலவு நோட்டை எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் வீட்டிலேயே இந்தத் துன்பம் இருந்தால் 14446 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள்.

இப்படிக்கு,
குழுவினர், மதுரை