ஹீத்லேண்ட் என்று விற்றுவிட்டு களிமண்ணில் ஆடவிட்டது குறித்த புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னை.

பொருள்: இங்கிலாந்து கோல்ஃப் பயணத்தில் இரண்டு மைதானங்களை மாற்றியது; பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். அக்டோபர் கடைசியில் நாங்கள் நால்வர் உங்கள் நிறுவனம் மூலம் சர்ரே, பெர்க்‌ஷயர் பக்கம் ஹீத்லேண்ட் மைதானங்களில், அதாவது ஹெதர் என்ற குட்டைப் புதர் வளரும் மணல் நிலத்து கோல்ஃப் மைதானங்களில், ஆடப் போயிருந்தோம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினோம். சன்னிங்டேல் ஓல்டு, வால்டன் ஹீத் ஓல்டு, செயின்ட் ஜார்ஜஸ் ஹில், பெர்க்‌ஷயர் க்ளப்பின் ரெட் கோர்ஸ் என்று நான்கு மைதானங்களின் பெயர்கள் உங்கள் உறுதிச்சீட்டில் இருக்கின்றன. முதல் இரண்டுதான் கிடைத்தன. மற்ற இரண்டு நாளும் எங்களை ஓர் ஓட்டலின் மைதானத்துக்கு அனுப்பிவிட்டீர்கள்.

கிடைத்ததைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சன்னிங்டேலில் பத்தாவது க்ரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு) பின்னால் இருக்கும் சிறு கடையில் சாசேஜ் சாண்ட்விச்தான் பிரபலம். எங்களில் சைவம் ஒருவர் டீயோடு நிறுத்திக்கொண்டார். அதற்குக்கூட நாங்கள் முகம் சுளிக்கவில்லை. 1926-இல் பிரிட்டிஷ் ஓபன் போட்டிக்கான தகுதிச்சுற்றில் அமெரிக்க கோல்ஃப் மேதை பாபி ஜோன்ஸ் 66 அடிகளில் சுற்றை முடித்த மைதானத்தில் நடக்கிறோம் என்பதே போதுமானதாக இருந்தது. வால்டன் ஹீத்தும் அப்படித்தான். அந்தக் காலத்துப் பிரபல கோல்ஃப் வீரர் ஜேம்ஸ் பிரெய்டு 1904 முதல் சாகும்வரை வேலை பார்த்த க்ளப் அது. 1981-இல் ஐரோப்பிய, அமெரிக்க அணிகள் மோதும் ரைடர் கோப்பை நடந்ததும் அங்கேதான். அங்கே ஹெதர் புதருக்குள் போன பந்தை எடுக்க மணிக்கட்டு வலிக்க வெட்டினேன். பந்து பக்கவாட்டில் பத்தடி நகர்ந்தது. அந்த அவஸ்தைக்குத்தான் காசு கொடுத்து வந்திருந்தோம்.

இனி புகாருக்கு வருகிறேன். மூன்றாம் நாள் காலை, கிளம்பும் நேரத்தில், உங்கள் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் போன் செய்து, “க்ளப் நிகழ்ச்சி இருப்பதால் அதே வட்டாரத்தில் அதற்கு இணையான மைதானம் ஏற்பாடு செய்திருக்கிறோம்” என்றார். அந்த ‘இணையான’ என்ற சொல்லைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சன்னிங்டேலும் பெர்க்‌ஷயர் க்ளப்பும் இருக்கும் நிலம் பாக்‌ஷாட் மணல். விவசாயத்துக்கு உதவாத, சத்தில்லாத, புளிப்பான மண். அதனால்தான் அங்கே ஹெதரும் கோர்ஸ் (gorse) என்ற முட்புதரும் பைனும் வளர்கின்றன; அதனால்தான் மழை பெய்த சிறிது நேரத்தில் தண்ணீர் கீழே இறங்கி, பந்து ஓடும் அளவுக்குத் தரை இறுகிவிடுகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் தள்ளிப் பள்ளத்துக்கு வந்தால் லண்டன் களிமண்; ஓட்டல் மைதானம் அதில்தான். தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்கும். ‘அதே வட்டாரம்’ என்று வரைபடத்தில் சொல்லலாம், காலடியில் சொல்ல முடியாது. இது எங்கள் கண்டுபிடிப்பும் இல்லை. அக்டோபரில் மழை வருமே என்று நாங்கள் தயங்கியபோது, “மணல் நிலம் சார், குளிர்காலம் முழுக்க காய்ந்தே இருக்கும்” என்று தைரியம் சொன்னது உங்கள் விற்பனைப் பிரிவு ஆள்தான். ஊதா நிறத்தில் ஹெதர் பூப்பது ஆகஸ்டில் என்று தெரிந்தும், அந்த ஒரு உறுதியை நம்பித்தான் தேதியைத் தள்ளிப் போட்டோம்.

ஓட்டல் மைதானத்தில் என்ன இருந்தது? ஈரத்தரை என்பதால், வாசலிலேயே கோல்ஃப் பையை இழுத்துச் செல்லும் ட்ராலிக்குத் தடை என்று பலகை. இரண்டு நாளும் பையைத் தோளில் சுமந்தோம். எங்களில் ஒருவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பல குழிகளில் உண்மையான க்ரீனை மூடிவிட்டு, ஃபேர்வேயில் (க்ரீனுக்குப் போகும் புல்பாதையில்) புல்லைக் கொஞ்சம் ஒட்ட வெட்டித் தற்காலிக க்ரீன் போட்டிருந்தார்கள். பந்து விழுந்த இடத்திலேயே வடையில் குத்திய மிளகு மாதிரி புதைந்தது. புதைந்த பந்தை அபராதமில்லாமல் எடுத்து வைக்க விதி 16.3 இடம் தருகிறது, சரி. பாழான பயணத்துக்கு அப்படி ஒரு விதி இல்லாததால் இந்தக் கடிதம். ஹெதர் ஒரு குத்துகூட இல்லை. நடுவில் நீரூற்று வைத்த குளம் ஒன்று இருந்தது.

ரெட் கோர்ஸை நாங்கள் குறிப்பாகக் கேட்டு வாங்கியதற்கும் காரணம் உண்டு. ஆறு பார் 3 (மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய குழி), ஆறு பார் 4, ஆறு பார் 5 என்று அமைந்த மைதானம் அது. அப்படி ஒன்று அபூர்வம். ஹாரி கோல்ட் வடிவமைத்து 1913-இல் திறந்த செயின்ட் ஜார்ஜஸ் ஹில்லைப் பற்றிப் பல வருடமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். மறுபடி விசா எடுத்து, டிக்கெட் போட்டு, நால்வரும் சேர்ந்து போவது எங்கள் வயதில் சுலபமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. ஊர் திரும்புமுன், கிடைக்காத அந்த இரண்டு க்ளப்களின் அலுவலகங்களுக்கும் நாங்களே போன் செய்தோம். அந்தத் தேதிகளில் எங்கள் பெயரிலோ உங்கள் நிறுவனத்தின் பெயரிலோ பதிவே இல்லை என்றார்கள். அப்படியானால் உறுதிச்சீட்டில் அச்சிட்ட டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) எங்கிருந்து வந்தது? நிகழ்ச்சியால் ரத்தானதா, முதலிலிருந்தே பதிவு செய்யப்படவில்லையா? இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

வேன் தாமதம், அறையில் ஹீட்டர் வேலை செய்யாதது எல்லாம் இருக்கட்டும், அதற்காக நான் எழுதவில்லை. கேட்பது இதுதான்: கிடைக்காத இரண்டு மைதானங்களில் உறுப்பினர் அல்லாதவர் ஆடுவதற்கான கட்டணத்துக்கும் ஓட்டல் மைதானத்தின் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம், நால்வருக்கும். ஓட்டலின் கட்டணம் மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்குகூட வராது என்பதை அவரவர் விலைப்பட்டியலிலேயே பார்க்கலாம். அதோடு அந்த இரண்டு நாளுக்கான உங்கள் சேவைக் கட்டணம் முழுவதும். அடுத்த பயணத்தில் பத்து சதவீதத் தள்ளுபடி என்று உங்கள் அலுவலகம் அனுப்பிய கூப்பன் எங்களுக்கு வேண்டாம்.

உறுதிச்சீட்டு, பணம் கட்டிய ரசீது, ட்ராலித் தடைப் பலகையின் புகைப்படம், விற்பனைப் பிரிவோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்கீழ் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவோம். நால்வரில் ஒருவர் ஓய்வுபெற்ற வக்கீல். பையைச் சுமந்து தோள் வலி கண்டவரும் அவரே.

இப்படிக்கு,
நால்வர் சார்பில், பயணக் குழுவின் பொறுப்பாளர்