ஒட்டுக் கருவி வேண்டாம் மச்சான்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்பு மச்சான்,

அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம்.

கோவில் மண்டப முன்பதிவுத் தளத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். தளத்தின் மேல் ஒட்டும் கருவி ஒன்றின் ஒரு வரி நிரலைச் சேர்த்தால் போதும், பார்வையற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று விற்க வந்தவர் சொன்னதைக் குழு நம்ப வேண்டாம். நானும் அப்படி நம்பி எங்கள் அலுவலகத் தளத்தில் ஒன்றைப் போட்டேன். மாதாமாதம் பணமும் கட்டினோம்.

போன மாதம் பக்கத்து மசாஜ் நிலையத்து அண்ணன் வந்திருந்தார். பார்வை கிடையாது. வாசலில் பதித்த மஞ்சள் தடக்கல்லைக் கோலால் தடவியபடியே வந்துவிடுவார். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருளைப் போட்டு எங்கள் படிவத்தைத் திறந்தார். முதல் கட்டத்தில் ‘எடிட்’ என்றது. அடுத்த கட்டத்துக்குப் போக டேப் அடித்தார், மறுபடி ‘எடிட்’. பெயரா, தேதியா, ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் வெறும் ‘பட்டன்’. நடுவில் அந்தக் கருவி தன்னை இயக்கச் சொல்லிக் குறுக்கே பேசியது. படிக்கும் குரல் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறதே! எழுத்தைப் பெரிதாக்குவதும் உலாவியிலேயே உண்டு. அவர் கோபப்படவில்லை. “எல்லாத் தளமும் இப்படித்தான் தம்பி” என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று மாலையே கருவியைக் கழற்றினேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் அது எதற்கு என்று சொல்லும் லேபல் எழுதி, நிரலில் அந்தக் கட்டத்தின் அடையாளமான ஐடியோடு இணைத்தேன். பொத்தானுக்குப் பெயர் வைத்தேன். தமிழ்ப் பக்கங்களின் தொடக்கத்தில் மொழி தமிழ் என்று நிரலின் லாங் (lang) குறியில் சொன்னேன். அது இல்லாததால் அதுவரை ஆங்கிலக் குரல் தமிழை விழுங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேர வேலைதான். மறுநாள் அண்ணன் தானே பதிவு செய்து முடித்தார்.

உன் தளத்தில் மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து இருக்கிறது, அதையும் மாற்று. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். அம்மாவிடமே காட்டிப் பார்.

குழு தயங்கினால் இதைச் சொல். தன் கருவி எந்தத் தளத்தையும் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகளுக்கு ஏற்றதாக்கிவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை 2025இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் தகவல் பெறுவதை அவர்களின் உரிமை என்றே சொல்கிறது.

சனிக்கிழமை இடிஎஸ் ரயில் பிடித்து பட்டர்வொர்த் வருகிறேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. நிரலை எடுத்து வை, இருவரும் உட்கார்ந்து முடித்துவிடலாம்.

உன் மச்சான்