பயிற்சியோடு பிள்ளைப் பராமரிப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குறைந்த வருமானக் குடும்பங்களைத் தொழிற்பயிற்சி மூலம் சொந்தக்காலில் நிற்கச் செய்வது பற்றிய தங்கள் செய்தியை வாசித்தேன். 1995இல் தொடங்கிய சமுர்த்தி வறுமை ஒழிப்புத் திட்டத்தின் நோக்கமும் இதுவே. ஆனால் வேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளையைப் பகலில் யார் பார்ப்பது என்பதைத் தீர்க்காமல் வழங்கப்படும் எந்தப் பயிற்சியும் வருமானமாக மாறாது. மூதூரில் எங்கள் அயலில் தையற்பயிற்சி முடித்த இளந்தாய் ஒருவர், திருகோணமலை நகரில் கிடைத்த வேலையை மூன்றாம் வாரமே கைவிட்டார். தையல் அவருக்கு நன்றாகவே வந்தது, இரண்டு வயது மகனை விட்டுச்செல்லத்தான் இடமிருக்கவில்லை. அவரைச் சோம்பேறி என்று சிலர் பேசியது எனக்கு இன்றும் வலிக்கிறது.

எனவே, பயிற்சிக்கென ஒதுக்கப்படும் நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு, முன்பள்ளிக் கட்டடங்களிலேயே மாலை 5 மணிவரை பிள்ளைப் பராமரிப்பு நடத்தப் பிரதேச செயலகங்கள் முன்வர வேண்டும். மூதூரிலும் கிண்ணியாவிலும் முதலில் தொடங்கலாம்.

வாசகர்,
மூதூர்.