கோமதிக்கு, கோத்தகிரியிலிருந்து

கோத்தகிரி
ஞாயிறு மாலை

அன்புள்ள கோமதி,

நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. இரண்டு நாளில் பதினொரு இடம். உன் நாத்தனார் குடும்பத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர், ஒரு வேன். உன் பேரன் போட்ட கால அட்டவணையில் தொட்டபெட்டாவுக்கு இருபது நிமிடம், மதியச் சாப்பாட்டுக்கு முப்பது நிமிடம். நம் ஹாஸ்டலில் குளிப்பதற்கு வார்டன் போட்ட அட்டவணைகூட இதைவிடத் தாராளமாக இருந்தது.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு உன் பட்டியல் காரணம் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன். இங்கே எல்லோரும் நலம். மூட்டு வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சித்ரா ஜூனில் வந்து போனாள். பூனை மறுபடி குட்டி போட்டிருக்கிறது, உனக்கு ஒன்று கட்டாயம் உண்டு.

முதல் விஷயம், தீபாவளி விடுமுறையில் வராதே. மலை என்றால் ஆடி மாதம்தான் மழை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது கூடலூர்ப் பக்கம். எங்களுக்கு மேற்கே தொட்டபெட்டா மலைத்தொடர் குறுக்கே நிற்பதால் தென்மேற்குப் பருவமழை சாரலாகத்தான் வந்து சேரும். கோத்தகிரியின் நிஜ மழை ஐப்பசியும் கார்த்திகையும். 2009 நவம்பரில் நீலகிரியில் கொட்டிய மழையில் மலை சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதனால் தை மாதம் வா. விடிகாலையில் பல் கிட்டிக்கும், ஆனால் வானம் கழுவிக் கவிழ்த்ததுபோல இருக்கும். பொங்கல் விடுமுறையை மட்டும் விட்டுவிடு, அந்த நாலு நாளும் இங்கே நாங்களே வெளியே வருவதில்லை.

வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். உயர்நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் நடக்கிறது. பணம் கிடையாது, இணையத்தில் வண்டி எண்ணைப் போட்டு எடுத்துவிடலாம், பேரன் செய்துவிடுவான். 2025 கோடையில் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பே வைத்தார்கள். அப்போதும் குறைச்சலாகத் தெரியவில்லை எங்களுக்கு. அரசுப் பேருந்துக்கு இந்தத் தொல்லை இல்லை. மேட்டுப்பாளையத்தில் ஏறினால் 33 கிலோமீட்டர்தான். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, கையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டால் போதும். தேனம்மையின் பட்டுப்புடவை மாதிரி இன்னொன்று நடக்காது என்று நம்புகிறேன்.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். பதினொன்றில் எட்டு ஊட்டியிலும் குன்னூரிலும் இருக்கிறது. ஊட்டிக்கு இங்கிருந்து ஒரு வழியே 29 கிலோமீட்டர். நீ பார்க்கப்போவது முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தைத்தான். அந்த எட்டையும் அடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மிச்சத்தில் கேத்தரின் அருவி இருக்கிறது, 250 அடி. பேரன் அனுப்பிய படத்தில் ஒரு பையன் பாறை விளிம்பில் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறானே, அந்த வேலையே வேண்டாம். போன வருடம் என் பக்கத்து வீட்டுக்கு வந்த பெண் ஈரப் பாறையில் வழுக்கிக் கணுக்கால் முறிந்து, நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள். அந்த அருவியை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம், குன்னூர் டால்பின் நோஸில் நின்று பார்க்க வேண்டும். அருவி எங்களுடையது, காட்சி அவர்களுக்கு! இந்த அநியாயத்தை யாரிடம் சொல்வது?

கண்ணேரிமுக்கில் சலிவன் பங்களா இருக்கிறது, அரை மணி நேரம் கொடு. 1819இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் மலையேறி முதலில் வீடு கட்டிய இடம் அதுதான், ஊட்டியெல்லாம் அப்புறம். இப்போது சின்ன அருங்காட்சியகம். இங்கே வருகிறவர்கள் சலிவன் கண்டுபிடித்த மலை என்கிறார்கள். கோத்தர்கள் என்ற பழங்குடி மக்கள் இங்கேயே மண்பாண்டமும் இரும்புவேலையும் செய்துகொண்டு இருந்தவர்கள், ஊருக்குப் பெயரே அவர்களால் வந்தது. உன் நாத்தனார் "ஆதிவாசிகளைப் பார்க்கணும்" என்று குரல் செய்தியில் சொன்னாள். அது மிருகக்காட்சிசாலைப் பேச்சு, அவளிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

பேரன் பட்டியலில் இல்லாத ஓர் இடத்துக்குத்தான் உன்னைக் கட்டாயம் கூட்டிப்போவேன். லாங்வுட் சோலை. டவுனிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர், மொத்தமே 116 ஹெக்டேர். சுற்றிலும் தேயிலை, வீடு, ரோடு, நடுவில் தீவு மாதிரி இந்தக் காடு. வனத்துறையிடம் அனுமதி வாங்கி உள்ளே நாலு அடி வைத்ததும் வெளிச்சம் பாதியாகிவிடும். மரங்கள் ரொம்ப உயரம் இல்லை, ஆனால் தண்டு முழுக்கப் பாசி, பாசிமேல் பெரணி. காலடியில் சருகு மெத்தை. மழை பெய்தால் தண்ணீர் ஓடி வீணாகாது, காடு உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். கீழே உள்ள கிராமங்களுக்கு அதுதான் குடிநீர். 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவித்தார்கள். காட்டைப் போய் ஈரநிலம் என்கிறார்களே என்று நானும் சிரித்தேன், அப்புறம் ஒருநாள் கையால் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். பங்குனி வெயிலிலும் ஈரம். அங்கே சிரிப்பான் என்று ஒரு குருவி இருக்கிறது, நீலகிரியை விட்டு வேறெங்கும் போகாது. நம் கணக்கு டீச்சர் சிரிப்பது மாதிரியே கத்தும். நீ கேட்டால் உடனே ஒத்துக்கொள்வாய். முடிந்தால் இரண்டு நாள் காலையும் போவோம். மழைக்காலத்தில் அட்டை ஏறும், தையில் பயமில்லை. ஆனால் மாலை ஐந்துக்கு மேல் நடக்கக் கூடாது. காட்டெருமை தேயிலைக்குள் இறங்கும் நேரம் அது, கரடியும் உண்டு. போன வாரம் என் வேலியோரம் ஒரு காட்டெருமை நின்று என்னைப் பார்த்தது, உன் மாமனார் சாப்பாட்டில் உப்பு குறைந்தால் பார்ப்பாரே, அதே பார்வை.

அப்புறம் கொடநாடு. 18 கிலோமீட்டர், வழியெல்லாம் தேயிலை. ஏழரை மணிக்குள் போய்விட வேண்டும். மலை அங்கே சட்டென்று முடிந்து, கீழே மாயாறு ஒரு நூல் மாதிரி கிடக்கும். தூரத்தில் தெரியும் பச்சைத் துண்டு தெங்குமரஹாடா கிராமம். எங்கள் தாலுகாதான், ஆனால் இங்கிருந்து போக வேண்டுமானால் மலை முழுக்க இறங்கி, பவானிசாகர் சுற்றி, காட்டுக்குள் போய், மாயாற்றைப் பரிசலில் தாண்ட வேண்டும். சில காலைகளில் ஆறும் தெரியாது, ஊரும் தெரியாது. மேகம் நம் காலுக்குக் கீழே பால் பொங்கினதுபோல நிரம்பியிருக்கும்.

அந்த மேகத்தைப் பார்க்கத்தான் உன் அம்மா வரேன் என்றார்கள். உனக்கு இது தெரியாது. புரட்டாசியில் ஒருநாள் எனக்குப் போன் செய்து, "மேகம் காலுக்குக் கீழ போகுமாமே, ஒரு பத்து நாள் உன்கிட்ட வந்து இருக்கட்டுமா?" என்று கேட்டார்கள். குளிர் உங்களுக்கு ஒத்துக்காதும்மா, தை பிறக்கட்டும் என்று சொன்னேன். குளிர் மட்டும் காரணமில்லை. அப்போது வீட்டில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன், சாமான்கள் இறைந்து கிடந்தன. அதுதான் காரணம்.

கார்த்திகையில் அம்மா போய்விட்டார்கள் என்று நீ போன் செய்தபோது, மண் சரிந்து மலைப்பாதை மூடிக்கிடக்கிறது, வர முடியவில்லை என்று சொன்னேன் அல்லவா? மேட்டுப்பாளையத்திலிருந்து மலைக்கு இரண்டு பாதை, கோமதி. அன்று சரிந்தது குன்னூர்ப் பாதை. கோத்தகிரி வழி திறந்துதான் இருந்தது. ஊட்டி வண்டிகளை எல்லாம் இந்தப் பக்கம்தான் திருப்பிவிட்டார்கள், விடிய விடிய என் வாசல் வழியாகத்தான் இறங்கின. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். மேட்டுப்பாளையம் பஸ் நின்றது, உட்கார இடமும் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். அம்மா முகத்தை அந்த நிலையில் பார்க்கத் தைரியம் வரவில்லை. உன் முகத்தைப் பார்க்கவும்.

நீ வரும்போது எந்த டிரைவரும் பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார், ஒன்று மூடினால் இன்னொன்றில் விடுவார்கள் என்று. உனக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் நானே எழுதிவிட்டேன். பன்னிரண்டு நாளாக இந்த ஒரு பத்தியைத்தான் எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். திட்டுவதானால் போனில் வேண்டாம், நேரில் வந்து திட்டு.

வேனும் பன்னிரண்டு பேரும் இன்னொரு முறை வரட்டும். தையில் நீயும் அண்ணனும் மட்டும் வாருங்கள். வேனில்தான் வருவேன் என்று அண்ணன் அடம்பிடித்தால், இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வர வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது என்று டிரைவரிடம் சொல்லச் சொல். ஸ்வெட்டர் இரண்டு எடுத்துக்கொள். உன் மாத்திரை டப்பாவை மறக்காதே.

தண்ணீருக்குச் சின்ன பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வராதே, இந்த மாவட்டத்தில் தடை. குஞ்சப்பனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஹாஸ்டலுக்கு வரும்போதெல்லாம் அம்மா கையில் இருக்குமே அந்தக் கூஜா, உன்னிடம்தானே இருக்கிறது? அதில் எடுத்து வா.

உன்
வசந்தா