சாவியோடு கையுறையும் கொடுங்கள்

உதகை, குன்னூர், கோத்தகிரியில் இரு சக்கர வாகனங்களை வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

மலையில் உள்ள ஒரு மருத்துவமனையில் காயங்களுக்குக் கட்டுப் போடும் செவிலியர் நான். சீசன் கூட்டம் ஏறிவருவதற்கு முன்பே உங்களிடம் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். வண்டிச் சாவியோடு ஒரு ஜோடி கையுறையும், தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட்டும் கொடுத்தனுப்புங்கள். பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கையுறையை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வண்டி சாயும்போது யாரும் யோசித்து விழுவதில்லை. கை தானாகத் தரையில் ஊன்றிக்கொள்கிறது. உள்ளங்கைத் தோல் தாரோடு உரசி உரிந்துபோகிறது. அந்தக் கையை உப்புநீரில் கழுவி, சதைக்குள் புதைந்த பொடிக்கற்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்ட பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விட்டுவைத்தால் சீழ் பிடிக்கும். தார்த்துகள் பச்சை குத்தியதுபோல் தோலுக்கடியில் தங்கிவிடும். எலும்பு முறியவில்லையே, சின்னக் காயம்தானே என்று உடன் வந்தவர்கள் ஆறுதல் சொல்வார்கள். இரண்டு கையிலும் கட்டோடு இருப்பவருக்குச் சோறு ஊட்டவும் ஆள் வேண்டும், கழிப்பறைக்குப் போகவும் ஆள் வேண்டும். தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட மங்காத ஒரு பெண், தன் முழங்கையிலும் கட்டோடு, கணவருக்கு இட்லியைப் பிட்டு ஊட்டியதைப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையில் கெட்டித் தோல் வைத்துத் தைத்த கையுறை இருந்திருந்தால் அந்தக் கை பெரும்பாலும் தப்பியிருக்கும்.

குளிரையும் நினைத்துப் பாருங்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். விடியற்காலையில் அங்கே போய்த் திரும்புகிறவரின் விரல்கள் விறைத்து, பிரேக்கைப் பிடிக்கவே மடங்காது. சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

திபெத்தியர் கடையில் ஸ்வெட்டர் வாங்கி மாட்டிக்கொண்டால் போதும் என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். கம்பளி குளிரைத் தாங்கும். தாரில் உரசினால் நொடியில் கிழிந்துவிடும். முழங்கையிலும் தோளிலும் பாதுகாப்புப் பட்டை வைத்த ரைடிங் ஜாக்கெட்டுகள் சிலவற்றையாவது வாங்கி வையுங்கள். இஎன் 17092 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. செருப்போடு வருகிறவர்களிடம் ஷூ போட்டு வரச் சொல்லுங்கள். துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்துச் செருகாமல் வண்டியில் ஏறவிடாதீர்கள்.

ஹெல்மெட் கொடுக்கத்தான் செய்கிறோம் என்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவும் 1,000 ரூபாய் அபராதமும் நீங்கள் அறிந்தவைதான். ஆனால் ஆணியில் தொங்கும் ஹெல்மெட்டுகளில் பாதி எல்லாத் தலைக்கும் ஒரே அளவு. வார் தேய்ந்து, கொக்கி நிற்பதில்லை. வாரைப் பூட்டிவிட்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் அது விழும்போதும் கழன்றுவிடும். புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி அளந்து, 56, 58, 60 சென்டிமீட்டர் என்று தனித்தனியாக அடுக்கி வையுங்கள். ஐஎஸ் 4151 எண்ணுள்ள ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததை வாங்கவே வேண்டாம். ஒரு முறை விபத்தில் அடிபட்டதைத் திரும்ப ஆணியில் மாட்டாதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மகோல் ஒரு முறை நசுங்கி அடியை வாங்கத்தான் இருக்கிறது. மேலே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே நசுங்கியிருக்கலாம். அடுத்தவர் வியர்வை என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு மெல்லிய பருத்திக் குல்லாய் கொடுத்தால் மறுக்க மாட்டார்கள்.

செலவு ஆகும். ஒருவர் மட்டும் வாடகையை ஏற்றினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்ற உங்கள் பயமும் நியாயமானது. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஏப்ரல் பிறப்பதற்குள் ஒரு நாள் கூடி, கையுறையும் ஹெல்மெட்டும் வாடகைக்குள்ளேயே அடங்கும் என்று முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்பவருக்கு எந்தக் கடையிலும் சாவி இல்லை என்றும் முடிவாகட்டும். தலையை அளப்பதையும் வாரைச் சோதிப்பதையும் உங்கள் கடைப் பையன்களுக்குச் சொல்லித்தர, என் வார விடுமுறையில் நானே அளவுநாடாவோடு வருகிறேன். எந்த நாள் என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.