பாயில் இல்லாத பெயர்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கேள்விப் பட்டியலைப் படித்தேன். மொத்தம் 42 கேள்வி. பொங்கல் முடிந்ததும் கோரைப்பாய் நெசவு பற்றிய களஆய்வுக்குப் பத்தமடை வருகிறேன் என்றாயே, சேரன்மகாதேவியிலிருந்து பக்கம்தானே என்று போன வாரம் நானே ஒரு நடை போய்விட்டு வந்தேன். பாய் முடைகிற ஒரு வீட்டில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம், அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பட்டியலை முதல் நாள் பைக்குள்ளேயே வைத்திரு. உன் ஐந்தாவது கேள்வியை நான் கேட்டுப் பார்த்தேன், கோரையை எத்தனை நாள் ஊறவைப்பீர்கள் என்று. அந்த வீட்டுப் பெரியம்மா சிரித்துவிட்டு, "நாளா கணக்கு? வெரலுல்லா சொல்லணும்" என்றார். மூன்று நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். பச்சையாக அறுத்து, கீறிக் காயவைத்த கோரையைக் கட்டுக் கட்டாக ஓடுகிற தண்ணீரில் போட்டு, மேலே கல்லை ஏற்றி வைக்கிறார்கள். அது ஊதிப் பருக்கும். ஒரு குச்சியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தால் போதுமா போதாதா என்று தெரிந்துவிடுமாம். நானும் உருட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ பதிவு செய்யவேண்டியது அந்த இடத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'மூன்று முதல் ஏழு நாள்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடாதே. அந்த விரலைப் படம் எடு. போதாத கோரை ஒன்று, பதமான கோரை ஒன்று, இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்.

ஊறியதைத் திரும்பக் காயவைத்து, கத்தியால் வகிர்ந்து வகிர்ந்து நூல்போல ஆக்குகிறார்கள். பட்டுப்பாய் என்று பேர்தானே தவிர அதில் பட்டு இல்லை. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுவது, பருத்தி நூல்; குறுக்கே ஊடே போவது இந்தக் கோரை. எல்லாம் அந்த மிருதுவுக்காக வந்த பெயர். பாவு நெருங்க நெருங்க, பாயின் தரத்தைச் சொல்கிற எண் கூடும். நம் வீட்டில் படுக்கிற சாதாரணப் பாய் 50 என்றால், கல்யாணப் பாய் 100, 120, 140 என்று போகும். தறி தரையை ஒட்டித்தான் இருக்கிறது. நாள் முழுக்கக் குனிந்த முதுகு. பெரியம்மா எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். உன் 42 கேள்வியில் முதுகைப் பற்றி ஒன்றுகூட இல்லை, சேர்த்துக்கொள்.

அப்புறம், பாவை நீ எல்லா இடத்திலும் இங்கிலீஷில் சொல்வதுபோல 'வார்ப்' என்று எழுதியிருக்கிறாய். அவர்கள் வாயில் வருவது பாவு. நீயும் அப்படியே எழுது. வார்த்தை போனால் திரும்பி வராது கண்ணு. பாயையாவது எங்காவது கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவார்கள்.

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி இந்தியா முழுக்கக் கைத்தொழில்களை விசாரித்துத் தனித்தனிப் புத்தகமாகப் போட்டார்கள் என்று நீதான் சொன்னாய். அதற்கப்புறமும் எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். "போட்டோ எடுத்துட்டுப் போனவங்க ஒருத்தரும் ஒரு படம் கொண்டாந்து குடுத்ததில்ல" என்று பெரியம்மா சொன்னபோது எனக்கே கூச்சமாக இருந்தது. நீ எழுதி முடித்ததும் தமிழில் ஒரு பிரதி அந்த வீட்டுக்குப் போகவேண்டும். உன்னோடு பேசுகிற நேரத்துக்குத் தறி நிற்கும். அதற்கான கூலியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கூலியாகவே கொடு.

இன்னொன்று. எங்கள் கல்யாணப் பாய் உனக்கு நினைவிருக்கும். என் பெயரும் உன் அப்பா பெயரும் சிவப்பில் நெய்தது. சின்ன வயதில் அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டித்தான் நீ அம்மா பெயரை எழுதப் பழகினாய். அதை யார் நெய்தார்கள் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. இரண்டு பெயர் இருக்கிறது, மூன்றாவது பெயர் அதில் இல்லை. பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் நெய்வதை நிறுத்தாமலே, "கொண்டு வாங்க. ஓரம் மடிச்சிருக்கிறதப் பாத்தா எந்த வீட்டுக் கைன்னு சொல்லிருவேன்" என்றார்.

நேற்று பரணிலிருந்து இறக்கி, உதறி, நிழலில் விரித்துப் போட்டிருக்கிறேன். ஒரு மூலை எலி கடித்திருக்கிறது, ஓரம் நன்றாக இருக்கிறது. நீ வந்ததும் முதல் நாள் இதை மட்டும் எடுத்துக்கொண்டு போவோம்.

அன்புடன்,
அம்மா